கழண்டுடுச்சு

எங்கள் முதலாளிக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் ஆகட்டும். யார் என்ன கேட்டாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது அதுதான். வயிற்று டாக்டர் எங்கள் பட்டறைக்கு வந்து, மேசைமேல் இருந்த கருவியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "இது எந்தக் காரணத்துக்காகவும் உள்ள கழலக் கூடாது" என்றார். ஆகட்டும் என்றார் முதலாளி. கொஞ்ச நாளில், அதே ஆஸ்பத்திரியில் கருவிகளைக் கழுவும் அறையைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டர் வந்து, "ஒரே இழுப்புல கையோட வந்துடணும் சார். நாள் பூரா என்னால இதைப் பிச்சுக்கிட்டு நிக்க முடியாது" என்றார். அதற்கும் ஆகட்டும். இரண்டு பேரையும் வாசல்வரை போய் அனுப்பிவிட்டு வந்து என் முன்னால் நின்று, "கேட்டேல்லம்மா? பண்ணிடு" என்றார்.

கழலவே கூடாது, ஆனால் தொட்டால் கழல வேண்டும். இதைப் பண்ணிவிட வேண்டுமாம். சொல்லிவிட்டு அவர் பேப்பர் படிக்கப் போய்விடுவார்.

வயிற்றுக்குள் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பைப் பலர் பார்த்திருப்பார்கள். பார்க்காதவர்கள் பாக்கியசாலிகள். சுண்டுவிரல் கனத்தில் நீளமான கறுப்புக் குழாய், நுனியில் ஒரு விளக்கு, ஒரு காமிரா. இரைப்பையின் உட்சுவர் எப்படி இருக்கிறது என்று அது அழகாகக் காட்டும். சுவருக்குள் என்ன இருக்கிறது என்று காட்டாது. வீட்டுச் சுவர் ஓரிடத்தில் புடைத்திருந்தால், உள்ளே ஓடுவது தண்ணீர்க் குழாயா வேறு ஏதாவதா என்று சுண்ணாம்பைப் பார்த்துச் சொல்ல முடியாதல்லவா? அதற்கு ஸ்கேன் வேண்டும், அதாவது ஒலி. ஒலியால் பார்ப்பது எனக்கு எப்போதும் இருட்டு வீட்டுக்குள் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவது போலத் தோன்றும். பதில் வரும் தூரத்தை வைத்து யார் எந்த அறையில் என்று தெரிந்துகொள்கிறோம்.

ஒலியும் காமிராவும் சேர்ந்தே வருகிற எண்டோஸ்கோப்புகள் உண்டு. எங்கள் ஊரில் இல்லை. தலைநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறது, அதற்கு நிற்கும் வரிசையும் இருக்கிறது. எங்கள் ஊரில் இருப்பதெல்லாம் காமிரா மட்டும் உள்ள பழைய குழாய்கள். அவற்றின் நுனியில் மாட்டிக்கொள்ள ஒரு தொப்பி செய்தோம். தொப்பியின் பக்கவாட்டில் பட்டாணி அளவுக்கு ஒரு ஸ்கேன் துண்டு. அதிலிருந்து தலைமுடியைவிடச் சற்றுத் தடித்த கம்பி குழாயோடு ஒட்டிக்கொண்டு வெளியே வரும். வேலை முடிந்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டால் குழாய் மறுபடி பழைய குழாய்தான். அவ்வளவுதான் யோசனை. கேட்பவர்கள் எல்லாரும் "அட, இவ்வளவுதானா" என்பார்கள். அப்படிக் கேட்டவர்களைத் தொப்பியோடு பட்டறையில் பூட்டிவைக்க வேண்டும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

பட்டறையில் நாங்கள் மூன்று பேர். முதலாளி, நான், கடைசல் வேலை பார்க்கும் மைக்ரான் அண்ணன். அவர் எதையும் மைக்ரானில்தான், அதாவது மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்துத்தான், பேசுவார். மழை எப்படிப் பெய்தது என்று கேட்டால்கூட அளந்து சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருக்கும். தொப்பியின் உட்புறம் ஒரு பள்ளம் எடுத்து, அதில் ரப்பர் வளையம் ஒன்று உட்காரும்படி செய்தது அவர். வளையம் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்று கண்டுபிடிக்க வேண்டியது நான். ஜெலட்டினில் ஒரு போலி வயிறு செய்து, அதற்குள் திராட்சைகளைப் புதைத்து, தொப்பியை விட்டு எடுத்து, விட்டு எடுத்து, கடைசியில் ஒரு வளையம் அமைந்தது. எடைக்கல் தொங்கவிட்டு இழுத்தால் கழலவில்லை. சிஸ்டர் வந்து பலமாக இழுத்தால் கழன்றது. டாக்டர் பார்த்தார், ஆஸ்பத்திரிக் கமிட்டி பார்த்தது, நோயாளிகளிடம் சோதிக்க அனுமதி வந்தது.

இந்த நேரம் பார்த்துத்தான் என் அம்மாவின் வயிற்றில் புடைப்பு வந்தது.

அம்மா பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். விசிலை ஒப்படைத்துவிட்டாள், குரலை ஒப்படைக்கவில்லை. அந்தக் குரலில் அவள் அதிகம் சொன்ன சொல் கொழுப்பு. வரிசையில் நிற்காத பிள்ளைக்குக் கொழுப்பு, ஷூ போடாதவனுக்குக் கொழுப்பு, போனை எடுக்காத எனக்கு நிச்சயமாகக் கொழுப்பு. கொஞ்ச நாளாகச் சாப்பிட்டதும் வயிறு கனக்கிறது என்றாள். நம் டாக்டரிடமே கூட்டிப்போனேன். காமிராவில், இரைப்பைச் சுவருக்குள்ளிருந்து யாரோ கட்டைவிரலால் தள்ளுவது போல ஒரு மேடு தெரிந்தது. மேலே தோல் வழவழவென்று இருக்கிறது. சதை எடுத்துச் சோதித்தால் அந்த வழவழப்புதான் வருகிறது, உள்ளே இருப்பது வரவில்லை.

"சாதாரணக் கட்டியா இருக்கலாம். மோசமானதாவும் இருக்கலாம்" என்றார் டாக்டர். "ஸ்கேன் பார்த்தா தெரிஞ்சுடும். இல்லேன்னா வெட்டி எடுத்துட்டுத்தான் பார்க்கணும்."

தலைநகரத்துக்குப் போகலாம் என்றேன்.

"ஒரு குழாயை முழுங்கறதுக்கு அவ்வளவு தூரமா? உன் தொப்பி என்னாச்சு?"

"அது சோதனைலதாம்மா இருக்கு."

"ஆமா, நான் என்ன அதைப் போட்டுக்கிட்டு கல்யாணத்துக்கா போகப்போறேன்? சோதனைதானே பண்ணணும்? பண்ணு."

"உன் மேலயா?"

"ஊரார் வயித்துல விடுவே, உன் அம்மா வயித்துல விடமாட்டியா? கொழுப்புடி உனக்கு."

நான் வேண்டாம் என்றேன். அவள் எனக்குத் தெரியாமல் டாக்டரிடம் போய்த் தன் பெயரைக் கொடுத்துவிட்டாள். டாக்டர் கமிட்டியிடம் கேட்டார். கமிட்டி, தாராளமாகச் செய்யலாம், ஆனால் மகள் அன்றைக்கு ஆஸ்பத்திரிப் பக்கமே வரக் கூடாது என்றது. முதல் நோயாளி என் அம்மா.

அதுவும் உடனே நடந்ததா? வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று சொன்ன முதல் தடவை டீ குடித்துவிட்டுப் போய் நின்றாள். திருப்பி அனுப்பினார்கள். "டீ ஒரு சாப்பாடா?" என்று என்னிடம் சண்டை. இரண்டாம் தடவையும் டீ, இந்த முறை பால் ஊற்றாமல். மூன்றாம் தடவைக்கு நான் டீத்தூள் டப்பாவைப் பட்டறைக்கு எடுத்துக்கொண்டு வந்து பூட்டிவைத்தேன்.

அதற்கு முந்தைய நாள் மாலையில்தான் நான் ஒரு காரியம் செய்தேன். தொப்பியைப் பெட்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதற்கு முன், கடைசியாக ஒருமுறை எடுத்துப் பார்த்தேன். டாக்டர் முதலில் சொன்னது காதுக்குள் கேட்டது. உள்ளே போகும்போது பயமில்லை, வரும்போதுதான். தொண்டையில் இறுக்கமான ஓர் இடம் உண்டு. அங்கே மாட்டி இழுபட்டால் தொப்பி கழன்று மூச்சுக்குழாய் வாசலில் உட்கார்ந்துவிடும். எத்தனையோ தடவை கேட்டதுதான். ஆனால் அதுவரை அந்தத் தொண்டை யாருடைய தொண்டையாகவும் இருந்ததில்லை. விசில் ஊதி ஊதிக் கரகரத்துப்போன தொண்டையாக நிச்சயம் இருந்ததில்லை. இழுப்பறையைத் திறந்து, அமைந்த வளையத்தை எடுத்துவிட்டு, அதைவிட இறுக்கமான வளையம் ஒன்றைப் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை அம்மாவைப் பக்கத்து வீட்டு அத்தை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். நான் பட்டறையில் உட்கார்ந்து, கையில் கிடைத்த ஸ்க்ரூக்களை அளவு வாரியாகப் பிரித்தேன். பிரித்ததை மறுபடி கலந்தேன். மைக்ரான் அண்ணன் தேவையே இல்லாத எதையோ சாணைச் சக்கரத்தில் தீட்டிக்கொண்டிருந்தார். அந்த இரைச்சலுக்கு நடுவில் முதலாளியின் போன் அடித்தது. அவர் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, "சொல்லுங்க சிஸ்டர்... ஆங்... ஆங்... ஆகட்டும், ஆகட்டும்" என்று வைத்துவிட்டார்.

"என்ன சார் சொன்னாங்க?"

"எல்லாம் நல்லபடியாப் போகுதாம்."

"அப்படியா சொன்னாங்க?"

"குரல் அப்படித்தாம்மா இருந்துச்சு."

நான் மைக்ரான் அண்ணனைப் பார்த்தேன். அவர் சாணையை நிறுத்தினார். நிறுத்தி என்ன பயன்? முதலாளி திரும்பப் போன் செய்தார், யாரும் எடுக்கவில்லை. டாக்டர் எடுக்கவில்லை. அத்தையிடம் போன் இருக்கிறது, அதை அவள் எப்போதும் வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டுத்தான் கிளம்புவாள்.

ரொம்ப நேரம் கழித்துப் பட்டறையின் லேண்ட்லைன் அடித்தது. நான் பாய்ந்து எடுத்தேன். பின்னால் தண்ணீர் கொட்டும் சத்தம், ஏதோ இயந்திரம் உறுமும் சத்தம், அதற்குமேல் சிஸ்டரின் குரல்.

"ஹலோ, பட்டறையா? கழண்டுடுச்சும்மா! டாக்டர் உடனே உங்களைக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னாரு. கழண்டுடுச்சு! ஐயோ, இருங்க..."

ஏதோ விழுந்தது. தொடர்பு அறுந்தது.

நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டே நின்றேன். என் முகத்தைப் பார்த்து இரண்டு பேரும் எழுந்துவிட்டார்கள்.

"கழண்டுடுச்சாம்" என்றேன்.

யாரும் "எது" என்று கேட்கவில்லை.

டெலிவரி வேனின் முன்சீட்டில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தோம். முதலாளி ஓட்டினார். அவர் ஓட்டுவதும் ஆகட்டும் மாதிரிதான். குறுக்கே வருகிற எல்லாருக்கும் வழிவிடுவார். சைக்கிளுக்கு விட்டார், தள்ளுவண்டிக்கு விட்டார், ஒரு நாய்க்கு விட்டார்.

"சார், போங்க சார்!"

"போறேம்மா, போறேன்."

கடைவீதி முனையில் ஒரு சிமெண்ட் கலவை லாரி, வயிற்றைச் சுற்றிக்கொண்டே குறுக்கே நின்றது. அதற்குப் பின்னால் எங்கள் வேன். ஹார்ன் அடித்துப் பார்த்தோம். லாரி டிரைவர் கையை வெளியே நீட்டி, பறந்து போ என்பது போல மேலே காட்டினார். அந்த உருண்டை வயிறு மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. இந்த நேரத்தில் அம்மாவுக்கு மூச்சு இருக்கிறதா என்று ஒரு வரி மனசுக்குள் ஓடியது. அதை முடிக்கவிடாமல் கண்ணாடிக்கு வெளியே கடைப் பலகைகளைப் படித்தேன். கண்ணாடிக் கடை. சாவிக் கடை. மறுபடியும் கண்ணாடிக் கடை.

"எப்படிக் கழலும்?" என்றார் மைக்ரான் அண்ணன், யாரையும் பார்க்காமல்.

"கழண்டுடுச்சுன்னு சொல்றாங்களே அண்ணே!"

"அதான் கேக்கறேன். எப்படிக் கழலும்?"

"நான் எப்படி அண்ணே சொல்ல முடியும்? நானா உள்ள போய்ப் பார்த்தேன்?"

"கழல முடியாது தங்கச்சி." அவர் தன் முழங்காலைப் பார்த்தார். "நான் பள்ளத்தைச் சாய்ச்சு வெட்டிட்டேன்."



"எப்போ?"

"நேத்து மத்தியானம். நீ சாப்பிடப் போயிருந்தே."

"எவ்வளவு சாய்ச்சீங்க?"

"கொஞ்சம்."

மைக்ரான் அண்ணன் வாயிலிருந்து கொஞ்சம் என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரைச் சீட்டோடு தூக்கி வெளியே போட்டிருப்பேன். பள்ளம் சாய்ந்திருந்தால், இழுக்க இழுக்க வளையம் இன்னும் நெருக்கிப் பிடிக்கும். சாதாரண வளையமே பிடிக்கும். நான் போட்டதோ...

"அண்ணே, நான் வளையத்தை மாத்தினேன்."

"எந்த வளையம்?"

"கறுப்பு."

"அந்த இறுக்கமான சனியனையா?"

"அம்மா தொண்டைண்ணே."

"எனக்கு மட்டும் அவங்க யாரு? எட்டாம் வகுப்புல என்னை மைதானத்தைச் சுத்தி ஓடவிட்டவங்க" என்றார் அவர். அது எனக்கு அதுவரை தெரியாது.

முதலாளி தொண்டையைச் செருமினார். லாரி நகர்ந்துவிட்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. பின்னால் எல்லாரும் ஹார்ன் அடித்தார்கள்.

"நானும் டாக்டருக்கு ஒரு போன் போட்டேன்" என்றார்.

"என்னன்னு?"

"எதுக்கும் இருக்கட்டும், தொப்பிக்கும் குழாய்க்கும் சேர்த்து ஒரு சுத்து டேப் ஒட்டிடுங்கன்னு. ஆஸ்பத்திரி டேப்தான்மா, தண்ணி பட்டா வராது."

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சாய்ந்த பள்ளம், இறுக்கமான வளையம், அதற்குமேல் டேப். அந்தத் தொப்பியைக் கழற்ற வேண்டுமென்றால் இந்த வேனைக் கட்டி இழுக்க வேண்டும்.

"அப்போ எப்படித்தான் கழண்டுச்சு?" என்றார் முதலாளி.

"அதைத்தானே நான் அப்பலேர்ந்து கேக்கறேன்!" என்று கத்தினார் மைக்ரான் அண்ணன்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. இன்னும் பயம்தான் வந்தது. இவ்வளவு போட்டும் கழன்றதென்றால், தொண்டை எப்படிப் பிடித்து இழுத்திருக்க வேண்டும்?

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தார். ஒருத்தர்தான் போகலாம் என்றார். நான் கழண்டுடுச்சு என்றேன். என்ன கழண்டுடுச்சு என்றார். தொப்பி என்றேன். அவர் என் தலையைப் பார்த்தார், மைக்ரான் அண்ணனின் தலையைப் பார்த்தார், முதலாளியின் வழுக்கையைப் பார்த்தார்.

"மூணு பேருக்கும் மறைதான் கழண்டிருக்கு" என்று சொல்லிவிட்டு, பின்னால் வந்த ஆம்புலன்சுக்குக் கதவைத் திறக்க ஓடினார். நாங்கள் மூவரும் ஆம்புலன்சோடு சேர்ந்து உள்ளே ஓடினோம்.

எண்டோஸ்கோப் பகுதியின் நடைபாதையில் சிஸ்டர் எதிரே வந்தார். கையில் ஒரு ஸ்டீல் கிண்ணம், அதில் எங்கள் தொப்பி. ஏப்ரன் முழுக்க ஈரம். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வந்துட்டீங்களா? இதோ! கழண்டுடுச்சு!"

"அம்மா எங்க?" என்றேன்.

"அம்மாவா? அந்தப் பக்கம் படுத்திருக்காங்க. டீ கேட்டு உசிரை வாங்கறாங்க."



"தொண்டையில கழண்டுச்சுன்னு..." என்று முதலாளி இழுத்தார்.

"தொண்டையிலயா? யார் சொன்னா?"

"நீங்கதானே சிஸ்டர் சொன்னீங்க, கழண்டுடுச்சு கழண்டுடுச்சுன்னு!"

"ஆமா, சொன்னேன். நல்ல சேதின்னுதானே கூப்பிட்டுச் சொன்னேன்? அம்மா வேலை எப்பவோ முடிஞ்சுடுச்சு. இந்தத் தொப்பிதான் குழாயை விட்டு வரமாட்டேன்னுது! குழாயைக் காயவிடாம உடனே கழுவணும். தொப்பி இருந்தா மெஷினுக்குள்ள போகாது. வெளியில அடுத்த ஆளு காத்திருக்காரு. நான் இழுத்தேன், வார்டு பையன் இழுத்தான், டாக்டரே ஒரு பக்கம் பிடிச்சு இழுத்தாரு. கடைசியில வெந்நீர்ல ஊறவச்சு, எண்ணெய் விட்டு, அப்பத்தான் கழண்டுச்சு. என் நகத்தைப் பாருங்க."

நகத்தைக் காட்டினார். உடைந்திருந்தது.

"அதை முதல்லயே சொல்லியிருக்கலாமே சிஸ்டர்" என்றார் முதலாளி.

"சொல்லலையா? காலையில உங்களுக்குத்தானே போன் போட்டேன்? சார், கழட்ட வரலை, என்ன பண்றதுன்னு கேட்டேன். நீங்க என்ன சொன்னீங்க?"

நானும் மைக்ரான் அண்ணனும் மெதுவாக முதலாளி பக்கம் திரும்பினோம். அவர் கிண்ணத்துக்குள் பார்த்தார்.

"ஆகட்டும்னு சொன்னேன்" என்றார்.

டாக்டர் எங்களைத் தன் அறைக்குள் கூப்பிட்டார். அவர் கண்கள் சிவந்திருந்தன, ஆனால் உதட்டோரத்தில் ஏதோ சிரிப்பு இருந்தது. திரையில் படத்தைப் போட்டார். ஜெலட்டினில் திராட்சைகளை ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். இது வேறு. இரைப்பைச் சுவர் அடுக்கடுக்காக, வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி, இரவில் ஓடும் ரயிலின் ஜன்னல்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தது போலத் தெரிந்தது. நடு அடுக்கில், வெளிச்சமான ஓர் உருண்டை. என் அம்மாவுக்குள்ளே, யாரும் கூப்பிடாத ஓர் அறையில், அது பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது.

"மோசமானதா இருந்தா அதுக்குக் கீழ் அடுக்குல, கறுப்பா இருக்கும்னு பயந்தேன்" என்றார் டாக்டர். "இது வெளுப்பு. இடமும் வேற. சந்தேகமே இல்லை. வெட்ட வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

"அப்போ இது என்ன டாக்டர்?"

"கொழுப்பு" என்றார் அவர். "உங்க அம்மாவுக்குக் கொழுப்பும்மா. கொழுப்புக்கட்டி."

மைக்ரான் அண்ணன்தான் முதலில் சிரித்தார். சிரித்தவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று இப்போதும் தெரியாது.

"இருங்க, நான் முடிக்கலை" என்றார் டாக்டர். "படம் பிரமாதம். ஆனா குழாயோட நுனியில கீறல் விழுந்திருக்கு. கழட்ட முடியாத தொப்பியை நான் தொப்பின்னு கமிட்டிக்கு எழுத முடியாது. தோல்வின்னுதான் எழுதணும். டேப்புக்கு நானும்தான் காரணம். என் பயத்துக்குன்னு ஒரு சுத்து போட்டேன், சார் சொன்னாரேன்னு இன்னொரு சுத்து. ஆனா டேப் மட்டும் இப்படிப் பிடிக்காதே? உள்ள என்ன பண்ணினீங்க?"

சொன்னோம். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"நீங்க சோதிச்சுக் காட்டினது ஒண்ணு, எனக்கு அனுப்பினது ஒண்ணா?" அப்போது உதட்டோரத்தில் இருந்ததும் போய்விட்டது. "இன்னொரு தரம் இப்படி நடந்தா இந்தப் பக்கம் வராதீங்க. புதுசா செஞ்சு, முதல்லேர்ந்து சோதிச்சுக் கொண்டுவாங்க."

முதலாளி வாயைத் திறந்தார். நான் அவர் காலை மிதித்தேன்.

மாலையில் அம்மாவை வேனில் ஏற்றினோம். மயக்கம் தெளிந்ததிலிருந்து அவளுக்கு எல்லாமே தெரிந்திருந்தது. சிஸ்டர் கொட்டித் தீர்த்திருக்கிறார். முன்சீட்டில் அவள், பின்னால் தொப்பிப் பெட்டியோடு நானும் மைக்ரான் அண்ணனும்.

"எனக்குன்னு தனியா இறுக்கிச் செஞ்சியாமே?" என்றாள், கரகரத்த குரலில்.

"பயமா இருந்துச்சும்மா."

"அப்போ அடுத்தது யார் வயித்துக்குப் போகுது?"

"யாரோ ஒருத்தர்."

"அந்த யாரோவுக்குப் பழையபடி லூசா விடுவியா?"

"லூசு இல்லம்மா அது. சரியாத்தான் இருந்துச்சு. அளந்துதான் வச்சேன்."

"சரியா இருந்தா ஏன் மாத்தினே?"

எனக்குச் சுர்ரென்றது. மயக்க மருந்து முழுசாக இறங்காத ஒரு நோயாளி கேட்கிற கேள்வியா இது? பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

"கொழுப்பு" என்றாள் அம்மா.

"உனக்குத்தான். டாக்டரே சொல்லிட்டார், படத்தோட."

முதலாளி சிரிப்பை அடக்கியதில் வேன் ஒரு குலுக்கு குலுக்கியது. அம்மா வீடு வரும்வரை பேசவில்லை. அவள் வாழ்க்கையில் அது பெரிய மௌனம்.

வீட்டில் அவள் வயிற்று எரிச்சலுக்குக் கொடுத்த மாத்திரைப் புட்டியோடு மல்லுக்கு நின்றாள். மூடியை இழுத்தாள். பல்லால் கடித்து இழுத்தாள். புட்டியை முழங்காலுக்கு நடுவில் வைத்து இரண்டு கையாலும் இழுத்தாள்.

"வரமாட்டேங்குதுடி!"

"இழுத்தா வராதும்மா. குழந்தைங்க திறக்கக் கூடாதுன்னு அப்படிச் செஞ்சிருக்காங்க. கீழ அழுத்திக்கிட்டே திருகணும்."

"அழுத்தவும் அழுத்தணுமாம், திருகவும் திருகணுமாம். ஒரு மூடிக்கு எவ்வளவு கொழுப்பு பாரு."

நான் புட்டியை வாங்கி அழுத்தித் திருகினேன். திறந்தது. மூடினேன். இழுத்தேன். வரவில்லை. திறந்தேன், மூடினேன், இழுத்தேன். "மாத்திரையைக் குடுடி முதல்ல" என்று அம்மா கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

இத்தனை நாளும் வளையத்தின் இறுக்கத்தையே கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன். கழல்வது வேறு, கழற்றுவது வேறு. தொண்டையும் இழுக்கும், சிஸ்டரும் இழுப்பார். இரண்டும் இழுப்பாக இருக்கும்வரை பாவம் அந்தத் தொப்பிக்கு இழுப்பது யாரென்று எப்படித் தெரியும்? ஆனால் எந்தத் தொண்டைக்கும் அழுத்திக்கொண்டே திருகத் தெரியாது.

மறுநாள் காலை நான் போனபோது மைக்ரான் அண்ணன் ஏற்கெனவே வந்து, திரும்பி வந்த தொப்பியின் உட்புறத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மாத்திரைப் புட்டியை அவர் முன்னால் வைத்தேன். அவர் இழுத்துப் பார்த்தார். பிறகு அழுத்தித் திருகினார். மூடி, மறுபடியும் திறந்தார். பிறகு ஒரு பென்சிலை எடுத்து, தொப்பியின் உட்புறத்தில் பள்ளம் எப்படி வளைந்து போக வேண்டும் என்று வரைந்தார்.

"எவ்வளவு வளையணும்?" என்றேன்.

மைக்ரானில் சொன்னார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

அப்போது முதலாளி போனைக் கையில் பொத்திக்கொண்டு வந்தார். "சிஸ்டர் பேசறாங்கம்மா. அடுத்த தொப்பியாவது ஒரே இழுப்புல கையோட வந்துடணுமாம். என்ன சொல்லட்டும்?"

சொல்லிவிட்டுப் பழக்கதோஷத்தில் போனைக் காதுக்குக் கொண்டுபோனார். உதடு ஆ என்று திறந்தேவிட்டது. நான் எட்டிப் போனைப் பிடுங்கினேன்.

"சிஸ்டர், நான்தான். இழுத்தா வராது."

"என்னம்மா சொல்றே? உங்க சார் முன்னாடியே ஆகட்டும்னு..."

"ஆகாது சிஸ்டர்."

முதலாளி, பட்டறையின் கூரை கொஞ்சம் இறங்கிவிட்டது போல மேலே பார்த்தார்.

"இழுத்தா வராது. அழுத்தித் திருகினா வரும்" என்றேன். "வந்து காட்டறேன். நகம் உடையாது."